லிட்டருக்கு மூன்று கரண்டி

வெயில் காலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு எனர்ஜி டிரிங்க் கலக்கிக் கொடுப்பது என் தொழில். இது ஒரு தொழில் என்று என் வீட்டில்கூட இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சைக்கிள் கடை. பால்காரர், பேப்பர்காரர் ஓட்டுகிற சைக்கிள் இல்லை. ஒரு விரலில் தூக்கிவிடலாம், விலையைக் கேட்டால் கீழே வைத்துவிடுவீர்கள், அந்த மாதிரி சைக்கிள். வாங்கினவர்களை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எண்பது, நூறு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போவார் கடை ஓனர் மோகன் அண்ணன். அவர்கள் பின்னால் ஒரு ஆம்னி வேன் போகும். ஓட்டுவது செல்வம் அண்ணன். பின் சீட்டைக் கழற்றிப் போட்ட இடத்தில் இருபது லிட்டர் கேன் இரண்டு, தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ், பவுடர் டப்பாக்கள், அதற்கு நடுவில் நான். கால் நீட்ட இடம் கிடையாது.

பிளஸ் டூ முடித்தேன். பாஸ்தான். காலேஜுக்குப் போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. இதற்கு மேல் காரணம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஜூன் மாதம் கடை சார்பில் இருநூறு கிலோமீட்டர் ரைடு நடக்கும். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல். மார்ச்சில் வேலைக்குச் சேரும்போதே மோகன் அண்ணனிடம் கேட்டேன், நானும் ஓட்டலாமா என்று. வெயில் முடிகிறவரை வண்டியில் ஒழுங்காக வந்தால் ஜூனில் உனக்கும் ஒரு நம்பர் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதம் கலக்கினேன்.

ஓட்டலில் சாம்பார் வாளி தூக்குகிறவர்கள், மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்கள், கல்யாண வீட்டில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டே போகிறவர்கள், நீங்களெல்லாம் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது புரியாது.

ருசி பார்த்தது

டப்பாவில் லிட்டருக்கு மூன்று கரண்டி என்று போட்டிருக்கும். கரண்டி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். ஆனால் கேன் தண்ணீர் ஒரு வாரம் மாதிரி ஒரு வாரம் இருக்காது. சில வாரம் அதுவே உப்பாக வரும். அதனால் குடித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு, வண்டலூரில், கேனிலிருந்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். கையில்தான் விட்டேன். கேனில் வாய் வைக்கவில்லை.

ஒரு பேங்க் சார் அதைப் பார்த்துவிட்டார். சேலையூரில் சொந்த வீடு, நல்ல மனுஷர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். நான் நிரப்பிக் கொடுத்த பாட்டிலை வாங்கினார், தேங்க்ஸ் சொன்னார், பத்தடி தள்ளிப் போய் ரோட்டோரம் முழுசாகக் கவிழ்த்தார். பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி அதில் ஊற்றிக்கொண்டார்.

இருபது கிலோமீட்டர் தாண்டி கேளம்பாக்கத்தில் நிறுத்தினபோது அவர் பாட்டில் காலி. கூட ஓட்டி வந்தவர் தன் பாட்டிலை நீட்டினார். அதில் இருந்தது என் கேனில் பிடித்ததுதான். இவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. குழந்தை மாதிரி வாய் வைத்து உறிஞ்சினார், துடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்வையை எடுக்கத் தோன்றவில்லை. அவருக்கும் தெரிந்தது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதம்மா. அவன் என் கிளாஸ்மேட்."

வெள்ளை ஐஸ்

இது என் தப்பு. மறைக்க மாட்டேன்.

ஏப்ரலில் ஐஸ் பெட்டி ஒன்பது மணிக்கெல்லாம் வெந்நீர்ப் பெட்டி ஆகிவிட்டது. டீ குடிக்கிற மாதிரி இருக்கு என்று எல்லோரும் புலம்பினார்கள். சரி என்று சனிக்கிழமை சாயங்காலமே எல்லார் பாட்டிலிலும் அளவாகக் கலக்கி, மூடி, பேர் எழுதி, கடை ஃபிரீசரில் கல் மாதிரி உறைய வைத்தேன். காலையில் எடுத்துக் கொடுத்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். விக்ரம் சார் என்று ஒருவர், நாவலூரில் ஐடி கம்பெனியில் டீம் லீட், எங்கள் கூட்டத்திலேயே வேகமாக ஓட்டுகிறவர், என்னைப் பாராட்டி குரூப்பில் மெசேஜ் வேறு போட்டார்.

முதல் ஒரு மணி நேரம் போனதும் போன் வந்தது. பாகு மாதிரி தித்திக்கிறதாம், குமட்டுகிறதாம். கூட நாற்பது நிமிஷம் போனது, அதே ஆட்கள், அதே பாட்டில், இப்போது வெறும் தண்ணீராக இருக்கிறதாம், பவுடரில் கை வைத்துவிட்டேனாம். விக்ரம் சாருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரே பாட்டிலில் எப்படி இரண்டு குற்றமும் செய்ய முடியும் என்று எனக்குப் புரியவில்லை. அளந்துதான் போட்டேன் என்று சத்தியம் செய்தேன். யாரும் நம்பவில்லை.

செல்வம் அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நான் கத்தி முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"இன்னாம்மா நீ, குச்சி ஐஸே துன்னது இல்லியா? ஒரு உறிஞ்சு உறிஞ்சினா கலரு, இனிப்பு எல்லாம் மொதல்ல வந்துரும், கைல மிச்சம் கீறது வெறும் வெள்ள ஐஸு. அத்தயேதான் நீ பாட்டில்ல பண்ணி வெச்சிருக்க."

செக்போஸ்ட்

உப்பு தனி, குளுக்கோஸ் தனி, இன்னும் ஏதோ வெள்ளைப் பவுடர் தனி. மூன்றையும் ஜிப் கவரில் போட்டுக் கட்டி வைத்திருப்பேன். மே மாதம் ஒரு காலை, மாம்பாக்கம் ரோட்டில் வண்டியை நிறுத்தினார்கள். பின் கதவைத் திறந்த கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார், கவர்களைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். செல்வம் அண்ணனை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். ஊர் கேட்டார்கள், பம்மல் என்றார். அந்தப் பதில் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது போலிருக்கிறது, பேன்ட் பாக்கெட்டை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். முன்னால் இதே பவுடரை முதுகுப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போன பதினாறு பேரில் ஒருவரையும் நிறுத்தவில்லை.

நான் கவரைப் பிரித்து நாக்கில் வைத்துக் காட்டினேன். ஒரு பாட்டில் கலக்கியும் காட்டினேன். கான்ஸ்டபிளுக்கு அப்பா வயது இருக்கும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இது எதற்கு என்று கேட்டார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வெயிலில் மயங்கி விழாமல் இருக்க என்றேன். வேலைக்குப் போகிறார்களா என்றார். இல்லை சார், சும்மா போய்விட்டுத் திரும்பி வருவார்கள் என்றேன். கலக்கின பாட்டிலைக் கையை நீட்டி வாங்கினார், அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார், காலி பாட்டிலை மூடி போட்டே திருப்பிக் கொடுத்தார்.

"காலைல நாலு மணிலேருந்து நிக்கிறேன். எங்களுக்கு யாரும்மா கலக்குறா?"

கலர் தண்ணீர்

ஓஎம்ஆரில் அடுக்குமாடியில் இருக்கிற ஒரு அங்கிள். ஐம்பது வயது. முதல் நாளே வேனுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டு, தனக்கு சுகர் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், குரூப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்றார். தெரிந்தால் ரைடுக்கு டாக்டர் சீட்டு கேட்பார்களாம். அதனால் அவர் பாட்டிலில் மட்டும் வெறும் தண்ணீர், மேலே ஒரு சிட்டிகை கலர். நாலு வாரம் அப்படியே கொடுத்தேன். எனக்கென்ன, அவர் உடம்பு.

ஐந்தாவது வாரம் திருப்போரூர் தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, யாரோ தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டு, ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் வெயில்தான் என்று சொல்லித் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, இத்தனை நேரம் எனர்ஜி டிரிங்க் குடித்துக்கொண்டு வந்த ஆளுக்குச் சர்க்கரை இறங்கும் என்று யார் நினைப்பார்கள். நான் உள்ளே புகுந்து, இவருக்கு சுகர், மாத்திரை போட்டிருக்கிறார், பாட்டிலில் இருந்தது வெறும் கலர் தண்ணீர், நான்தான் ஊற்றினேன் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். குளுக்கோஸை இரண்டு மடங்கு போட்டுக் கலக்கி, தலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் அவர் பேர் அவருக்கு ஞாபகம் வந்தது.

அதே வேனில்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என்னிடம் சொன்னார்:

"உயிரைக் காப்பாத்தின, சரி. அதுக்காக ஊருக்கே சொல்லணுமாம்மா?"

கூடை வைத்த சைக்கிள்

ஓட்டத் தெரியாமல் ஆசைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். பிளஸ் ஒன்னில் ஸ்கூலில் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டில் இருக்கிறது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், பாதி எடை மட்கார்டுதான். வார நாளில் அஞ்சு மணிக்குப் பம்மலில் கிளம்பி முடிச்சூர், மண்ணிவாக்கம், வாலாஜாபாத் ரோடு என்று போய் வருவேன். ஞாயிறு சர்ச்சில் பூசைக்கும் வராமல், வார நாளிலும் வீட்டில் இல்லாமல் அப்படி எங்கேதான் போகிறாய் என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். மே கடைசியில் ஒரு நாள் நூறு கிலோமீட்டர் போய் வந்தேன். ஆறே முக்கால் மணி நேரம்.

பவுடர் எடுக்கவில்லை. சோறு வடித்த கஞ்சி, உப்பு, ஒரு எலுமிச்சம் பழம். தண்ணீர் ஊற்றி நீர்க்கக் கரைத்து, கூடையில் இரண்டு பாட்டில். தலை சுற்றவில்லை, கால் பிடிக்கவில்லை. மறுநாள் கடையில் நாலைந்து பேர் டப்பா வாங்க நின்றபோது இதைச் சொன்னேன். நூறு கிலோமீட்டருக்குக் கஞ்சியே போதும் சார் என்று அளவு முதற்கொண்டு விளக்கினேன். இரண்டு பேர் டப்பாவைத் திருப்பி ரேக்கில் வைத்துவிட்டுப் போனார்கள். மோகன் அண்ணன் திட்டவில்லை. நூறு ஓட்டினது நல்ல விஷயம், கடையில் சும்மா நிற்கிற பழைய ரேஸ் சைக்கிளை ஜூனுக்கு எடுத்துக்கொள் என்றார். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கஞ்சி கதையை மட்டும் கஸ்டமர்கிட்ட சொல்லாத ஜெனி. அந்த டப்பாவையும் நாமதான் விக்கிறோம்."

பதினேழு நிமிஷம்

ஜூன் வந்தது. எனக்கு நம்பர் கொடுத்தார்கள், முப்பத்தொன்று. முதுகில் குத்திக்கொண்டு அதைப் பார்க்க முடியாமல் கடைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பி நின்றேன். காலை அஞ்சு மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பி, திண்டிவனம் தாண்டிப் போய்த் திரும்பி, சாயங்காலம் ஆறரைக்குள் கடைக்கு வர வேண்டும். வேனில் என் இடத்தில் மோகன் அண்ணனின் மச்சினன் கார்த்தி. இரண்டு நாள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். லிட்டருக்கு மூன்று கரண்டி, மூன்றே மூன்று. தலையாட்டினான்.

என் பாட்டில் இரண்டையும் நானே கலக்கி எடுத்துக்கொண்டேன், மேற்கொண்டு பவுடரைப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பாக்கெட்டில். வேன் பக்கமே போகவில்லை. பதினொன்றரைக்குத் திண்டிவனம் தாண்டித் திரும்பினேன். தார் ரோடு மூஞ்சியில் அடித்தது. ஆனால் கணக்கு சரியாக இருந்தது. இரண்டு மணிக்கு அச்சரப்பாக்கம் வந்தபோது இன்னும் அறுபத்தேழு கிலோமீட்டர், கையில் நாலரை மணி நேரம். அவசரமே இல்லாமல் போகலாம்.

அச்சரப்பாக்கத்தில் புளிய மரத்தடியில் வேன் நின்றது. சுற்றி ஒன்பது சைக்கிள், ஒன்பது பேர் தரையில். இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விக்ரம் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். எட்டிப் பார்த்தேன், கேனில் இருந்தது ஆரஞ்சு கலரில் கஷாயம். கலர் குறைந்தால் ஆட்கள் பவுடர் கம்மி என்கிறார்கள், அதனால் கலர் வருகிறவரை போட்டேன் என்றான் கார்த்தி. கொதிக்கிற வெயிலில் அந்தப் பாகைக் குடித்தால் வயிறு வாங்காது, குடிக்கக் குடிக்கத் தாகம்தான் ஏறும். நான் கால் கீழே வைக்காமல் அப்படியே போயிருக்கலாம். போயிருக்க வேண்டும்.

விக்ரம் சார் படுத்தபடியே, கடையில் இருந்த மோகன் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஜெனி அங்கே இருக்கிறாளா, நிறுத்துங்கள், அவளைக் கலக்கச் சொல்லுங்கள், டைமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். ஒன்பது பேர் காதிலும் விழுந்தது. இரக்கத்தில் இறங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கேனின் கலரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கேன் இரண்டையும் கவிழ்த்துக் கழுவினேன். செல்வம் அண்ணன் எதிர்ப் பக்க பங்க்கிலிருந்து தண்ணீர் கேன் தூக்கி வந்தார். முதலில் வெறும் தண்ணீர், மடக்கு மடக்காக. அரை மணி நேரம் பொறுத்து, லேசாக உப்பு போட்டது. பிறகுதான் சரியான அளவில் பாட்டில். ஒவ்வொருத்தராக எழுந்து உட்கார்ந்தார்கள், முகம் கழுவினார்கள், சேர்ந்து சேர்ந்து கிளம்பினார்கள். இரண்டு பேரை வேனில் ஏற்ற வேண்டியதாயிற்று. கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கடிகாரம் பார்த்தேன், மணி மூன்று பத்து. நடுவில் செல்வம் அண்ணன் இரண்டு தரம் கிளம்பு கிளம்பு என்று துரத்தினார். நான்தான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். எதிர்க்காற்று, தனி ஆள். செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி சிக்னல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டலூரில் ஜூ விட்டு வெளியே வருகிற கூட்டம் மொத்தமும் ரோட்டில். கடை வாசலில் கால் வைத்தபோது ஆறு நாற்பத்தேழு.

பதினேழு நிமிஷம். அச்சரப்பாக்கத்தில் நின்ற எழுபது நிமிஷத்தைக் கழியுங்கள் என்று மோகன் அண்ணனிடம் கேட்டேன். போனில் சொன்னீர்களே என்றேன். அது அந்த நேரத்துக்குச் சொன்னது, ஒருத்தருக்குக் கழித்தால் எல்லோரும் கேட்பார்கள், ரூல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார், அது ஒன்றுதான் ஆறுதல். மரத்தடியில் கிடந்த ஒன்பது பேரில் ஏழு பேர் மெடல் போட்டுக்கொண்டு குரூப் போட்டோவுக்கு நின்றார்கள். ஒருத்தராவது வாயைத் திறப்பார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். விக்ரம் சார் மட்டும் வரிசையிலிருந்து விலகி வந்தார். அக்கறையாகத் தோளில் தட்டிச் சொன்னார்:

"லாங் ரைடுன்னா பிளான் பண்ணி ஓட்டணும் ஜெனி. நடுவுல ஸ்டாப்ல அவ்ளோ நேரம் உக்காரக் கூடாது."

மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கரண்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அடுத்தவர் வயிற்றுவலிக்கு என் நேரத்தில் எத்தனை நிமிஷம் போடலாம் என்கிற அளவு மட்டும் எந்த டப்பாவிலும் அச்சடிக்கவில்லை.